மேலிமையைப் புரட்டினால்தான் தெரியும்: கான்டாக்ட் லென்ஸ் தரும் இமை அழற்சி

லென்ஸ் கண்ணில் இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. ராத்திரி கழற்றி டப்பாவில் போட்டதும் அரிப்பு பிடித்துக்கொள்ளும், தேய்க்காமல் இருக்க முடியாது. காலையில் எழுந்தால் மூக்கை ஒட்டிய கண்முனையில் வெள்ளையாகப் பீளை திரண்டு நிற்கும். எடுக்கப்போனால் இழுத்த இழுப்புக்கு நீண்டு வரும். சில வாரம் போனால் லென்ஸ் நின்ற இடத்தில் நிற்காது, இமைக்கும்போதெல்லாம் மேலே ஏறும். மதியத்துக்கு மேல் பார்வை மங்கி, ஒருமுறை இமைத்தால் தெளிந்து, மறுபடி மங்கும். பத்து மணி நேரம் தாங்கிய லென்ஸை நாலு மணி நேரத்தில் பிடுங்கி எறியத் தோன்றும்.

கண்ணாடி முன் நின்று பார்த்தால் வெள்ளைவிழி ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். அதனால்தான் பலர் இதைக் காற்றின் மேலும் தூசியின் மேலும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் தினமும் பைக் ஓட்டுகிறவர் அப்படி நினைப்பதில் தப்புமில்லை. ஆனால் கோளாறு இருக்கும் இடம் வெள்ளைவிழி இல்லை, மேலிமையின் உட்புறம். அதை நாமாகப் பார்த்துக்கொள்ள முடியாது.

மருந்துச் சீட்டில் இதை ஜி.பி.சி. என்று மூன்றெழுத்தில் எழுதுவார்கள். விரித்தால் ஜயன்ட் பாப்பிலரி கன்ஜங்டிவைட்டிஸ். இமையின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் புடைப்புகள் கிளம்பும் அழற்சி. சாதாரணக் கண்ணிலும் அங்கே மணல்மணி அளவில் புடைப்புகள் உண்டு, ஆனால் 0.3 மி.மீ.க்கு உட்பட்டவை. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டியது, 1 மி.மீ.யையும் தாண்டினால் 'ஜயன்ட்'. முற்றிய நிலையில் இமையைப் புரட்டிப் பார்த்தால், முனை மழுங்கிய பலாப்பழத் தோல் போலப் பக்கத்துக்குப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மென் லென்ஸ்கள் பரவிய பிறகே இந்த நோய் தனியாக அடையாளம் காணப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஸ்பிரிங் என்ற மருத்துவர் 1974-இல் இதைக் குறிப்பிட்டார். 1977-இல் அமெரிக்காவில் ஆலன்ஸ்மித் குழுவினர் விரிவாக விவரித்தார்கள்.

இது ஏன் வருகிறது என்பது புரிந்தால்தான் சிகிச்சை ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும். நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைத்தால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 14,000 முறைக்கு மேல் மேலிமை லென்ஸின் மேல் ஏறி இறங்குகிறது. அந்த லென்ஸ் சும்மா ஒரு பிளாஸ்டிக் இல்லை. கண்ணில் வைத்த சில நிமிடங்களிலேயே கண்ணீரிலுள்ள லைசோசைம், ஆல்புமின் போன்ற புரதங்களும் கொழுப்பும் அதன் மேல் படியத் தொடங்கிவிடும். படிந்த புரதம் நாளாக ஆக வடிவம் குலையும். வடிவம் குலைந்த சொந்தப் புரதத்தை உடம்பு அயலான் என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் ஓயாத உரசல் இமைச் சவ்வின் மேல்தோலைக் கீறுகிறது, இன்னொரு பக்கம் கீறின இடத்தில் இந்தப் புரதம் போய்ப் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்களும் ஈயோசினோஃபில்களும் அங்கே குவிகின்றன. உடனே கிளம்பும் ஒவ்வாமை, தாமதமாகக் கிளம்பும் ஒவ்வாமை இரண்டும் சேர்ந்த எதிர்வினை இது. சளிச் சுரப்பு கூடுகிறது, அதுதான் காலைப் பீளை. அந்தச் சளி லென்ஸில் ஒட்ட, படிவம் இன்னும் தடிக்க, உரசல் இன்னும் கூட, சுழல் நிற்பதே இல்லை.

லென்ஸே போடாதவர்களுக்கும் இதே நோய் வரும் என்பதுதான் இதற்கு நல்ல சாட்சி. செயற்கைக் கண் பொருத்தியவர்களுக்கு வரும். அறுவைக்குப் பின் தையல் நூலின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த முனை உரசும் இடத்தில் மட்டும் வரும். நூலை வெட்டினால் அடங்கிவிடும். ஆக, குற்றம் கண்ணிலுமில்லை, லென்ஸ் என்ற பொருளிலுமில்லை. படிவம் ஏறிய பரப்பு உரசுவதில்தான் இருக்கிறது. லென்ஸை அப்படியே வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை மட்டும் மாற்றி மாற்றி விடுகிறவர்களுக்கு இது ஏன் தீருவதில்லை என்பதற்கும் விடை இதுதான்.

பரிசோதனை ஒரு நிமிட வேலை. கீழே பார்க்கச் சொல்லி, மேலிமை ரோமத்தைப் பிடித்துக்கொண்டு, இமை விளிம்புக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே பஞ்சுக் குச்சியால் லேசாக அமுக்கினால் இமை புரண்டுகொள்ளும். வலிக்காது, கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். ஃபுளோரசீன் சாயம் ஒரு துளி விட்டு ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் நீல ஒளியில் பார்த்தால் புடைப்புகளின் இடுக்கில் சாயம் தேங்கி எண்ணவும் அளக்கவும் வசதியாகத் தெரியும். மென் லென்ஸ்காரர்களுக்குப் புடைப்பு பெரும்பாலும் இமையின் உள் ஆழத்தில், அதாவது விளிம்பிலிருந்து தள்ளிய பகுதியில் தொடங்கும். ஆர்.ஜி.பி. எனப்படும் கெட்டி லென்ஸ்காரர்களுக்கு விளிம்பை ஒட்டி, எண்ணிக்கையில் குறைவாக வரும். லென்ஸ் வாங்கப் போகும் கடையில் பவர் மட்டும் பார்த்து இமையைப் புரட்டாமல் அனுப்பினால், கேட்டுப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஸ்லிட் லாம்ப் இல்லையென்றால் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவு போதும்.

சிகிச்சைக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், இமைத்தாலும் தெளியாத மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது இருந்தாலும் அதை வெறும் ஜி.பி.சி. என்று விட்டுவிடக்கூடாது. கருவிழியில் கிருமித் தொற்றாக இருக்கலாம். லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோனால் கிருமியைக் கண்டுபிடிக்க உதவும். மற்றபடி, இமை விளிம்பில் ரோமத்தடியில் செதில் படிவதும் எண்ணெய்ச் சுரப்பி அடைப்பதும் வேறு கதை. அவற்றுக்கு வெந்நீர் ஒத்தடம் சரி, ஜி.பி.சி.க்குக் குளிர்ந்த ஒத்தடம்தான் சரி. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு, அப்போது அடைப்பையும் சேர்த்துப் பார்க்காமல் லென்ஸ் சுகப்படாது.

முதல் மருந்து லென்ஸைக் கழற்றுவது. லேசான நிலையில் ஒன்றிரண்டு வாரம், நடுத்தரத்தில் இரண்டு முதல் நான்கு வாரம். முற்றியதென்றால் இமைச் சவ்வின் சிவப்பு போகும்வரை. அரிப்பும் பீளையும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே குறைந்துவிடும், அங்கேதான் ஆட்கள் ஏமாறுவது. அரிப்பு போனதும் பழைய லென்ஸை எடுத்துப் போட்டால் பத்து நாளில் திரும்ப அதே இடத்தில் நிற்பார்கள். அந்த ஜோடி போனது போனதுதான். பாதி மாதம் பாக்கியிருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், டப்பாவோடு சேர்த்துக் குப்பையில் போடுங்கள். இந்தச் சில வாரத்துக்குப் பொருத்தமான பவரில் ஒரு மூக்குக்கண்ணாடி கையில் இல்லாததுதான் பலருடைய உண்மையான தடை. லென்ஸ் போடுகிற எவரும் மாற்றுக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தே ஆக வேண்டும்.

சொட்டு மருந்தில் மருத்துவர் வழக்கமாகத் தொடங்குவது ஒலோபட்டடின் 0.1 சதவீதம், நாளைக்கு இரண்டு முறை, அல்லது கீட்டோடிஃபென் 0.025 சதவீதம், அதுவும் இரண்டு முறை. இவை ஹிஸ்டமினைத் தடுத்து அரிப்பை உடனே அடக்கும், மாஸ்ட் செல் வெடிப்பதையும் தடுக்கும். சோடியம் குரோமோகிளைகேட் நாளைக்கு நான்கு முறை விட வேண்டிய மருந்து. வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். மூன்றாம் நாள் "கேட்கல" என்று நிறுத்துகிறவர்கள் இதில்தான் அதிகம். பாதுகாப்புப் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர் படிந்த சளியைக் கழுவிவிடும், அதைக் குளிரவைத்து விட்டால் அரிப்புக்கும் இதம்.

இந்தச் சொட்டுகள் பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பாதுகாப்புப் பொருள் இருக்கும். மென் லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கருவிழிக்குக் கசியவிடும். எனவே லென்ஸ் கண்ணில் இருக்கும்போது மருந்து விடக்கூடாது. மறுபடி லென்ஸ் போடத் தொடங்கிய பிறகும் காலைச் சொட்டு விட்டுக் குறைந்தது பத்து, பதினைந்து நிமிடம் கழித்தே போட வேண்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு. இங்கே கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் போய் "கண்ணு அரிக்குது, ஒரு சொட்டு தாங்க" என்று கேட்டால், ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெதசோன் கலந்த சொட்டு கைக்கு வந்துவிடுவது நம்மூரில் புதிதில்லை. இரண்டு நாளில் கண் வெளுத்துவிடும், அரிப்பு பறந்துவிடும். அந்தச் சுகமே ஆபத்து. ஒரு பகுதியினருக்கு இது சில வாரங்களில் கண் அழுத்தத்தை ஏற்றும். வலிக்காமலே ஏறும், பார்வை நரம்பு தேய்ந்த பின்தான் தெரியவரும். நீண்ட நாள் விட்டால் கண்புரை. கருவிழியில் பூஞ்சையோ வைரஸோ ஒளிந்திருந்தால் அதற்கு இது விருந்து. முற்றிய ஜி.பி.சி.க்கு ஸ்டீராய்டு தேவைப்படுவதுண்டு. அப்போதும் லோட்டிபிரெட்னால் 0.5 சதவீதம் போல, கண்ணுக்குள் சீக்கிரம் சிதைந்துவிடும் வகையை, நாளைக்கு நான்கு முறை என்று குறைந்த நாட்களுக்கு எழுதி, அழுத்தம் பார்த்து நிறுத்துவார்கள். சீட்டு இல்லாமல் அதே புட்டியை மறுபடி வாங்குவது வேண்டாம். தொற்று இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் சொட்டால் பயனும் கிடையாது.

மறுபடி லென்ஸ் போடலாமா என்பதைப் புடைப்பை வைத்து முடிவு செய்வதில்லை. புடைப்புகள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். சிவப்பும் வீக்கமும் சளியும் போயிருக்கிறதா என்பதுதான் கணக்கு. போயிருந்தால் புது லென்ஸோடு நாளைக்கு நாலு மணி நேரத்தில் தொடங்கி, வாரம் பார்த்துப் பார்த்து ஏற்றலாம்.

எந்த லென்ஸ்? ஒருநாள் லென்ஸ்தான் முதல் தேர்வு. காலையில் பிரித்து ராத்திரி எறிந்தால் புரதம் வடிவம் குலைய நேரமே கிடைப்பதில்லை. ஓராண்டு லென்ஸ் இன்னும் விற்கிறார்கள். இந்த நோய் ஒருமுறை வந்தவருக்கு அது மலிவே இல்லை. ஒருநாள் லென்ஸுக்குத் திரவமும் டப்பாவும் தேவையில்லை என்பதையும், வேலை நாளில் கண்ணாடி, கல்யாணம் காட்சிக்கு லென்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தால் செலவு அவ்வளவு மிரட்டாது. மாத லென்ஸ்தான் முடியும் என்றால், பிரித்த தேதியிலிருந்து முப்பது நாள். போட்ட நாட்களை மட்டும் எண்ணக்கூடாது. தொடக்ககாலச் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வகை மென் லென்ஸ்கள் ஆக்சிஜனை நன்றாகக் கடத்தினாலும் விறைப்பானவை. விளிம்பு உரசும் இடத்தில் மட்டும் புடைப்பு வந்தவர்கள் இன்னும் மென்மையான வகைக்கு மாற வேண்டும். கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரடோகோனஸ் நோயால் கெட்டி லென்ஸை விடவே முடியாதவர்களுக்கு லென்ஸைப் பாலிஷ் செய்தோ, விளிம்பு வடிவத்தை மாற்றியோ, வாரம் ஒருமுறை என்சைம் கொண்டு புரதத்தைக் கரைத்தோ ஓட்டலாம். செயற்கைக் கண் வைத்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாலிஷ் போட வேண்டியதும் இதே காரணத்தால்தான்.

கழுவுவதில் நம்மூருக்கென்றே ஒரு சிக்கல் தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்த்த கையால், கைகால் பூசிய கையால் லென்ஸைத் தொட்டால் எண்ணெய் அதில் ஏறிவிடும். தண்ணீரில் மட்டும் அலம்பினால் கையிலுள்ள எண்ணெய் போகாது. வாசனையும் கிரீமும் இல்லாத சோப்பால் கழுவி, நூல் உதிராத துணியில் துடைத்த பிறகே லென்ஸ். உள்ளங்கையில் வைத்துத் திரவம் விட்டு விரல்நுனியால் ஒவ்வொரு பக்கமும் இருபது நொடி தேய்த்து, பிறகு அலசிவிட்டு ஊறவைக்க வேண்டும். 'தேய்க்க வேண்டாம்' என்று புட்டியில் போட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது, ஊறுவதால் மட்டும் புரதம் கழலாது. டப்பாவில் நேற்றைய திரவத்தின் மேல் இன்றையதை ஊற்றுவது கூடாது. திரவமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு முறை உண்டு. வட்டு பொருத்திய அதற்கான குப்பியில் ஆறு மணி நேரமாவது கிடந்தால்தான் அது நடுநிலையாகும். அவசரத்தில் முன்பே எடுத்துப் போட்டால் கண் எரிந்து கருவிழிப் பரப்பு வெந்துவிடும்.

கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், மேல்தொட்டித் தண்ணீர் எதுவும் லென்ஸிலோ டப்பாவிலோ படக்கூடாது. அகந்தமீபா என்ற ஓரணு உயிரி இவற்றிலெல்லாம் இருக்கும். கருவிழிக்குள் அது புகுந்தால் மாதக்கணக்கில் மருத்துவம். குளத்தில் குளிக்கும்போதும் திற்பரப்பு அருவியில் நிற்கும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக்கூடாது என்பதும் அதனால்தான். இரண்டு பருவமழை பெய்யும் மாவட்டம் இது. ஈரக் காற்றில் டப்பா சீக்கிரம் காயாது. புதுத் திரவத்தால் அலசி, துடைத்து, குளியலறைக்கு வெளியே கவிழ்த்து வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தோவாளை, முப்பந்தல் பக்கம் வீசும் காற்று லென்ஸின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காய்ந்த லென்ஸ் அதிகம் உரசும். அந்தப் பாதையில் பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுவது நல்லது. கல்யாண மேக்கப்பில் போடும் வண்ண லென்ஸும் லென்ஸ்தான். பவர் இல்லையென்றாலும் அளவு பார்த்தே வாங்க வேண்டும், இன்னொருவர் போட்டதைப் போடவே கூடாது. மையும் பவுடரும் போடுவதற்கு முன் லென்ஸ். அவற்றைத் துடைப்பதற்கு முன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

மறுபடி தொடங்கி ஒரு மாதத்தில் மருத்துவரிடம் இன்னொரு முறை இமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒருநாள் லென்ஸுக்கு மாறி, நேரத்தைக் குறைத்து, சொட்டும் விட்டபிறகும் சிவப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அந்தக் கண்ணுக்குக் கண்ணாடியே சரி. மகரந்த ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ ஏற்கெனவே உள்ளவர்களில் சிலர் இந்த முடிவுக்கு வருவதுண்டு. லேசர் அறுவைக்குப் போக நினைப்பவர்களும் முதலில் இந்த அழற்சி முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.