மஸில் லோடர்: சுரிகுழல் இடியன்

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போய்வந்த நம் பிள்ளைகளுக்கு ரைஃபிள் என்றால் ராணுவத்தில் கையாண்ட சார் 21தான். தோட்டா நிரப்பிய மேகசினைச் செருகிவிட்டால் ஆயத்தம். அதே ரைஃபிளுக்கு முன்னால் ‘மஸில் லோடர்’ என்று சேர்த்துச் சொன்னால் பலருக்கும் பிடிபடுவதில்லை. இங்கே உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடும் குற்றம். ஆனால் ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ குடியேறி, முறையாக உரிமம் பெற்று இலக்குச் சுடுதலில் இறங்கும் நம்மவர்கள் உண்டு. தங்கள் முதல் மஸில் லோடரைத் தேடுபவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மஸில் என்பது துப்பாக்கிக் குழலின் வாய். இதில் மேகசினும் இல்லை, பித்தளைத் தோட்டாவும் இல்லை. கரிமருந்தை, அதாவது புகை கக்கும் பழைய கறுப்பு வெடிமருந்தை, அளந்து வாய்வழியே கொட்டி, துணித்துண்டு சுற்றிய ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். குண்டு மருந்தோடு ஒட்டி உட்கார்ந்தாக வேண்டும். பாதியில் நின்ற குண்டோடு சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘வாய்வழி மருந்திடும் துப்பாக்கி’ என்றால் பொருள் சரி, பேச்சில் நிற்காது. தமிழ்நாட்டில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்பார்கள். ஆனால் அது உள்ளூரில் செய்த எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். ஈழத்து மக்கள் வைத்த பெயர் ‘இடியன் துவக்கு’. மருந்தை இடித்து நிரப்புவதால் இடியன். கருவியின் செயலையே பெயராக்கிய இந்தச் சொல்லைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

துவக்கு, துப்பாக்கி இரண்டுக்கும் மூலம் துருக்கியின் ‘துஃபெக்’. முதலில் அது வாயால் ஊதி எய்யும் குழலைக் குறித்தது. நம் அண்டை வீட்டு மலாய்க்காரர் சொல்லும் ‘செனாப்பாங்’, டச்சு மொழியின் ‘ஸ்னாப்ஹான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதில் ‘ஹான்’ என்றால் சேவல். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு கொத்துவதுபோல் பாயும் உறுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அதே உறுப்பைத் தமிழில் குதிரை என்கிறோம்.

அடுத்தது ரைஃபிள். கீறுதல், பள்ளமிடுதல் என்ற பொருளில் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வழங்கிய வேரிலிருந்து வந்தது. குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டிய பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன, அதனால் அது நேராகப் போகிறது. இதற்குச் ‘சுரிகுழல்’ என்ற தமிழ்ச்சொல் மிக அழகாகப் பொருந்துகிறது. சுரிதல் என்றால் சுருள்தல். சுரிசங்கு என்பதில் வரும் அதே சுரி. பழைய பாடல்களில் சுரிகுழல் என்பது பெண்களின் சுருண்ட கூந்தல்!

எல்லா இடியனும் சுரிகுழல் அல்ல. மஸ்கட் எனும் பழைய நீளத் துப்பாக்கிகளின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் காகிதத் தோட்டாவில் பூசிய கொழுப்பால் பேசப்பட்ட 1853 என்ஃபீல்டு, இடியனும் சுரிகுழலும் ஒன்றாய் இருந்த துப்பாக்கி. வாய்வழி நிரப்புவது எப்படி இருக்கும் என்று பார்க்க நினைப்பவர்கள் செந்தோசாவின் சிலோசோ கோட்டைக்குப் போகலாம், அங்கே அந்த வகைப் பழைய பீரங்கிகள் நிற்கின்றன.

சரி, முதல் துப்பாக்கியாக எதை எடுப்பது? அரை அங்குல வாய், அதாவது 0.50 அளவு, சிக்கிமுக்கிக்குப் பதில் சிறு செப்பு மூடியைக் குதிரை தட்டி வெடிக்கவைக்கும் வகை. சிக்கிமுக்கியில் பொறி பறந்து குண்டு கிளம்புவதற்குள் ஒரு கணம் தாமதமாகும், புதியவரின் கை அதற்குள் ஆடிவிடும். சுரியின் முறுக்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உருண்டைக் குண்டுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற மெதுவான முறுக்கு நல்லது, நீள்குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒன்று. இரண்டையும் சுட்டுப் பார்க்க ஆசைப்படுபவருக்கு 48 நடுவழி.

மருந்து கரிமருந்தாகவோ, தயாரிப்பாளர் அனுமதித்த அதன் மாற்றாகவோதான் இருக்க வேண்டும். இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் சிதறும். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு குழலைக் கழுவி எண்ணெய் பூசிவிட வேண்டும், கரிமருந்தின் கசடு இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும்.