செக்டர்: வட்டக்கோணப்பகுதியா, ஆரைச்சிறையா?

வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு ஆரங்கள் வரைந்தால், அவற்றுக்கும் அவை தொடும் வில்லுக்கும் நடுவே அடைபடும் பரப்புதான் செக்டர். தமிழ்நாட்டுப் பாடநூலில் இது வட்டக்கோணப்பகுதி. இலங்கைப் பாடநூலில் ஆரைச்சிறை.

செக்டர் லத்தீன் சொல். 'செகாரே' (வெட்டுதல்) என்ற வினையிலிருந்து பிறந்தது. 'மூலங்கள்' நூலின் 3ஆம் பகுதியில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இவ்வுருவத்தைத் 'தோமியூஸ்' என்கிறார். அதுவும் வெட்டுவதைக் குறிக்கும் சொல்தான். செருப்புத் தைப்பவர் தோலறுக்கும் கத்திக்கும் கிரேக்கத்தில் அதே பெயர். செக்மென்ட் என்ற சொல்லும் செகாரே வழி வந்ததே. மாணவர்கள் இரண்டையும் மாற்றி எழுதுவதில் வியப்பில்லை. நாண் அறுத்துப் பிரிப்பது செக்மென்ட், அதாவது வட்டத்துண்டு. இரண்டு ஆரங்களுக்கு இடைப்பட்டது செக்டர்.

தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஈழத்தில் ஆரத்தை ஆரை என்பார்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலை நினைத்தால் போதும். சிறை என்பதற்குப் பழந்தமிழில் சிறகு என்றும் பொருள். இரண்டு ஆரைகளுக்கிடையே விரிந்த சிறகு! என் விருப்பம் ஆரைச்சிறைதான்: சொல்லும் சிறியது, உருவமும் கண்ணில் நிற்கிறது. வட்டக்கோணப்பகுதி நீளமானாலும், மையக்கோணத்தை நினைவூட்டுவது அதன் பலம்.

பரப்பு காண, கோணத்தை 360ஆல் வகுத்து வட்டத்தின் பரப்பால் பெருக்கச் சொல்வார்கள். அதைவிட எளிய வழி உண்டு. விட்டத்தில் பாதியைச் சுற்றளவில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு (குழி) கிடைக்கும் என்கிறது கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூல். விட்டத்தில் பாதி என்பது ஆரம்தானே? முழுச் சுற்றளவுக்குப் பதிலாக வில்லின் நீளத்தைப் போட்டால், அதே விதி ஆரைச்சிறைக்கும் அப்படியே பொருந்தும்: வில்லில் பாதி பெருக்கல் ஆரம்.

ஆரம் 21 செ.மீ., கோணம் 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். π-க்கு 22/7 எடுத்தால் சுற்றளவு 132, அதில் ஆறில் ஒரு பங்கான வில் 22. பாதி 11, 21ஆல் பெருக்க 231 சதுர செ.மீ. வட்டத்துண்டு வேண்டுமானால் இதிலிருந்து, இரண்டு ஆரங்களும் நாணும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தின் பரப்பைக் கழிக்க வேண்டும். இங்கே அது சமபக்க முக்கோணம், பரப்பு ஏறக்குறைய 191. ஆக, நாணுக்கும் வில்லுக்கும் நடுவே இருப்பது சுமார் 40 சதுர செ.மீ.