ஆர்டரை மாற்றும் முன் தேதியைக் கேளுங்கள்

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள், மாலை நான்கு மணி. ஒரு கல்லூரி விடுதியிலிருந்து பால் விநியோகஸ்தருக்குத் தொலைபேசி: "நாளையிலிருந்து நான்கு நாள் பால் வேண்டாம்." பில் போடும் பெண் உடனே விடுதியின் தினசரி ஆர்டரைத் திறந்தார். 160 லிட்டர் என்று இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டுச் சேமித்தார். மறுநாள் விடியற்காலை பூட்டிக் கிடந்த விடுதி வாசலில் 160 லிட்டர் பால் வந்து இறங்கியது. ஐந்தாம் நாள் மாணவர்கள் திரும்பி வந்தார்கள். அன்று ஒரு பாக்கெட்கூட வரவில்லை.

விற்பனை மென்பொருளை நிறுவிக் கொடுத்து ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். பால், தண்ணீர் கேன், பேக்கரி, காய்கறி என்று தினமும் சரக்கு போகும் எந்த வியாபாரத்துக்குப் போனாலும் இந்தக் கதை காத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் "சாஃப்ட்வேர் சரியில்லை" என்றுதான் அழைக்கிறார்கள். இந்த மாதத்தில் இது மூன்றாவது அழைப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

தொடர் ஆர்டரில், அதாவது தினமும் ஓர் ஆர்டரைத் தானாக உருவாக்கும் பதிவில், எண்ணை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். மாறாது. தொடர் ஆர்டர் என்பது முறுக்கு அச்சு மாதிரி. அச்சின் தட்டை மாற்றினால் இனிமேல் பிழியும் முறுக்குத்தான் மாறும். ஏற்கெனவே எண்ணெயில் விழுந்த முறுக்கு பழைய வடிவத்தில்தான் வேகும். அந்த விநியோகஸ்தரிடம் மறுநாள் காலைக்கான ஆர்டர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கே உருவாகி, இத்தனை லிட்டர் வேண்டும் என்று பண்ணைக்கு இண்டென்டும் போய்விடும். நான்கு மணிக்கு அந்தப் பெண் தொட்டது அச்சை. மறுநாளின் ஆர்டர் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தனியாகப் பிறந்துவிட்டது. அதைத் தேடிப் பிடித்துத் தனியே ரத்து செய்திருக்க வேண்டும். வண்டிக்காரருக்கும் சொல்லியிருக்க வேண்டும். இண்டென்ட் போன பாலை எந்த மென்பொருளாலும் திருப்பி அனுப்ப முடியாது. அன்று மாலையே பத்து டீக்கடைகளுக்குத் தொலைபேசியில் பேசித் தள்ளிவிடுவதுதான் வழி.

ஐந்தாம் நாள் நடந்ததோ வேறு தவறு. "நான்கு நாள் வேண்டாம்" என்று வாடிக்கையாளர் சொன்னது தற்காலிக மாற்றம். பூஜ்யம் போட்டது நிரந்தர மாற்றம். பூஜ்யத்துக்குத் திரும்பி வரும் தேதி கிடையாது. நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று அதில் கொடுக்கலாம். அதை விட்டுவிட்டு எண்ணில் கை வைத்தால், மறுபடி மாற்ற வேண்டும் என்பதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பண்டிகை நெரிசலில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பழைய தொடர் ஆர்டரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். பேசி முடித்த விலை, இறக்கும் இடம், வரும் நேரம் எல்லாம் அதோடு போய்விடும். பழையதற்கு முடிவுத் தேதி கொடுங்கள். மறுநாளிலிருந்து புதியதைத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து "நாங்கள் எப்போது குறைக்கச் சொன்னோம்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பதிவு வேண்டாமா? கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. ஊழியர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். உண்மையில் ஊழியரைக் காப்பாற்றுவதே அந்தத் தடம்தான்.

விலையும் வரியும் இன்னொரு தலைவலி. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பாக்கெட் பனீருக்கு 5 சதவீத வரி நீங்கியது; நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பொருள் பட்டியலில் எல்லாரும் அன்றே மாற்றிவிட்டார்கள். ஆனால் பல மென்பொருள்களில், ஆர்டர் போட்ட நாளின் விலையும் வரியும் தொடர் ஆர்டருக்குள் நகலாகப் பதிந்திருக்கும். அதைத் திறந்து பார்க்காதவர்களின் பில்கள் பழைய வரியிலேயே போய்க்கொண்டிருந்தன. வரி என்று வாங்கிய பணம் வியாபாரியுடையது அல்ல, அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். சரிசெய்ய, கூடுதலாகப் போட்ட தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் போட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போட்டு அரசுத் தளத்தில் பதியும் மின்னணு பில்லை (இ-இன்வாய்ஸ்) அந்தத் தளத்தில் திருத்தவே முடியாது; 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அவ்வளவுதான். வரியோ விலையோ மாறும் நாளில் தொடர் ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நூறு ஆர்டர் இருந்தாலும் அது ஒரு பிற்பகல் வேலை. கிரெடிட் நோட் போட்டு முடிக்க ஒரு மாதம் ஆகும்.

மாற்றம் சொல்லி யார் அழைத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை, எந்தக் கிளைக்கு? பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். "வழக்கம்போல" என்ற பதிலை ஏற்காதீர்கள். சேமித்த பிறகு அடுத்த மூன்று நாள் ஆர்டர்களைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஆர்டர் உருவாகும் நேரத்தைப் பெரிதாக எழுதி பில் மேசைக்கு மேல் ஒட்டுங்கள். தொடர் ஆர்டரை மாற்றும் அனுமதி இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். விடுதிக் காப்பாளர்களே, கேன்டீன் நடத்துபவர்களே, வேண்டாம் என்று சொல்ல அழைக்கும்போதே மறுபடி எப்போது வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். காலையில் பால் இல்லாமல் நிற்பது உங்கள் பிள்ளைகள்தான்.

அந்த விநியோகஸ்தர் பாலின் விலையை அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகச் சொன்னார். வேண்டாம் ஐயா என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு மணிக்கே மறுநாள் ஆர்டர் உருவாகிவிடும் என்பதை வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.