629001-ஐ உடைத்துப் பார்த்தால்

நாகர்கோவில் தபால் நிலையத்தில் பார்சல் வரிசை நகரவே இல்லை. கையில் சென்னைக்கு அனுப்ப வேண்டிய ஏத்தங்காய் சிப்ஸ். அனுப்புநர் முகவரியில் 629001 என்று எழுதியவுடன் கை சும்மா இருக்கவில்லை, அதே தாளின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தேன்.

முதலில் 629. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது; நம் குமரி மாவட்டத்து முகவரிகள் 629-இல் தொடங்கும். (களியக்காவிளை தாண்டிப் பாறசாலை போனால் 695.) இந்த 629 = 17 × 37. 629 டைல்ஸ் இருந்தால் ஒன்றைக்கூட உடைக்காமல், மிச்சமும் வைக்காமல் இரண்டு சதுரத் தரை போடலாம்: 25 × 25-இல் ஓர் அறை, 2 × 2-இல் வாசலுக்கு ஒரு துண்டு. பிடிக்கவில்லையா, 23 × 23, 10 × 10 என்றும் போடலாம்.

இரண்டு வழி எங்கிருந்து வந்தது? 17 = 4² + 1², 37 = 6² + 1². இப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் விடையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவே வரும் என்று கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே எழுதிவிட்டார். ஒரு வருஷம் தள்ளி எழுதியிருந்தால் நமக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்! கணக்கு இதுதான்: 4 × 6 + 1 × 1 = 25, 6 × 1 − 4 × 1 = 2. கூட்டல் கழித்தலை இடம் மாற்றினால் 23, 10.

சரி, முழு எண்ணுக்கு வருவோம். இலக்கங்களைக் கூட்டினால் 18, அதனால் 9-ஆல் வகுபடும். வகுத்தால் ஈவு 69889. இது லேசில் மசியவில்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 1, 13-ஆல் வகுத்தாலும் மீதி 1. வரிசையாகப் போய் 47-இல்தான் உடைந்தது. 629001 = 3 × 3 × 47 × 1487.

இதை இரண்டு சதுரத் தரையாகப் போட முடியாது. எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. ஆகவே இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 3 வரவே வராது. ஆனால் 629001-இன் மீதி 1, மேலோட்டமாகப் பார்த்தால் தேறிவிடும். வில்லங்கம் உள்ளே இருக்கிறது. 4-ஆல் வகுத்து மீதி 3 தரும் பகா எண் எதுவும் காரணியாக இரட்டைப்படைத் தடவைதான் வரலாம் என்பது விதி. 3 இரண்டு தடவை வருகிறது, குற்றமில்லை. 47, 1487 இரண்டுமே மீதி 3 ஆசாமிகள், ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. இரண்டும் பெருகும்போது 3 × 3 = 9, மீதி 1 ஆகி ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்கின்றன.

கூட்டலில் வராதது கழித்தலில் வரும். ஒற்றைப்படை எண் என்பதால் அதற்குத் தடையே இல்லை. 629001 = 423 × 1487. இந்த இரண்டின் கூடுதலில் பாதி 955, வித்தியாசத்தில் பாதி 532. 955 × 955 தரையில் 532 × 532 அளவுக்குப் பெயர்த்து எடுத்துவிட்டால், கீழே மிஞ்சுவது சரியாக 629001 டைல்ஸ்.