ராம்ப் என்பதற்குச் சாய்தளம்: சொல்லும் அதன் அளவும்

தாழ்ந்த ஓரிடத்திலிருந்து உயர்ந்த ஓரிடத்துக்குப் படியில்லாமல் ஏறிச்செல்லச் சாய்வாக அமைக்கும் பரப்பு ‘ராம்ப்’ எனப்படுகிறது. பேச்சில் ‘ரேம்ப்’ என்றும் ஒலிக்கும் இந்தச் சொல் தமிழ்நாட்டில் இன்று பல பொருள்களைச் சுமக்கிறது. வீட்டு வாசலில் இருசக்கர வண்டியை ஏற்றுவதற்குப் போடும் சிமென்ட் சரிவு, மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளிச்செல்லும் வழி, அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கும் பாதை, ஆடை அலங்கார அணிவகுப்பு மேடை ஆகிய எல்லாமே ராம்ப்தான். இத்தனை பொருள்களுக்கு ஒரே சொல் புழங்குவதால் உண்மையில் பாதிக்கப்படுகிறவர் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர். ‘வீட்டுக்கு ஒரு ராம்ப் வேண்டும்’ என்று கேட்டால், பழக்கத்தின் காரணமாகக் கொத்தனார் மனத்தில் வண்டி ஏற்றும் சரிவே தோன்றுகிறது. ஆறடி நீளத்தில் ஒன்றரை அடி ஏறிவிடும்படி அதைக் கட்டியும் கொடுத்துவிடுகிறார். விசைப்பொறியுள்ள வண்டி அதில் எளிதாக ஏறிவிடும். ஆனால் தன் கைகளால் சக்கரத்தை உருட்டி ஏற முயல்கிறவருக்கு, நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, நாற்காலியோடு பின்புறமாகச் சாயும் நிலை உண்டாகிறது. எனவே இந்தச் சொல்லைத் தெளிவுபடுத்துவது நேரடியான பயன் உள்ள வேலை.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பிரெஞ்சு மொழியின் ‘ராம்ப்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதன் வேரான ‘ராம்பே’ என்ற வினைக்குப் பழைய பிரெஞ்சில் தொற்றி ஏறுதல் என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் அதே வினை தவழ்தல், ஊர்தல் என்ற பொருளைத் தருகிறது. அந்த வினையும் ஜெர்மானிய மூலத்திலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஸ்காட்லாந்து அரச கொடியில் பின்னங்கால்களை ஊன்றி முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் சிங்கத்தை ‘ராம்பன்ட்’ என்று குறிப்பதும் இந்த வேரிலிருந்தே. கோட்டை மதிலைக் குறிக்கும் ‘ராம்பார்ட்’ என்ற சொல்லை இதனோடு உறவுபடுத்திச் சொல்வதுண்டு. அது அரண்செய்தல் என்ற பொருளுடைய வேறொரு வினையிலிருந்து பிறந்தது. பிரெஞ்சில் ‘ராம்ப்’ என்ற சொல் சாய்ந்த பரப்பை மட்டுமல்லாமல், மாடிப்படியின் கைப்பிடியையும் குறிக்கிறது என்பது நம் பொருளுக்கு மிகவும் தொடர்புடைய செய்தி. சக்கர நாற்காலிக்கான சாய்வையும் அதன் ஓரத்துக் கைப்பிடியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைப் பின்னர் காணலாம்.

தமிழில் இதற்குப் பல சொற்கள் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன: சறுக்குப்பாதை, சரிவுப்பாதை, சாய்வுப்பாதை, சாய்வுத்தளம், சாய்தளம். இவற்றில் முதலாவதை அடியோடு தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சறுக்குதல் என்பது பிடிமானம் இழந்து வழுக்கிப்போதல். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்ற பழமொழியில் அந்தப் பொருளில்தான் வருகிறது. குழந்தைகள் விளையாடும் சறுக்குமரத்துக்குப் பொருத்தமான அச்சொல், எது நடக்கவே கூடாதோ அதையே வழிக்குப் பெயராக்குகிறது. சரிவு என்பதும் மேலிருந்து கீழ்நோக்கி நழுவுவதையே முதன்மையாகக் குறிக்கிறது. மண்சரிவு, விலைச்சரிவு என்று நாம் சொல்வதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். வண்டி ஏற்றும் வாசல் சரிவுக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குவதால் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

சாய்தல் என்ற வினைக்கு இந்தக் குறை இல்லை. நேர்நிலையிலிருந்து ஒரு பக்கமாக ஒருக்களித்து நிற்பதை அது சொல்கிறதே தவிர, விழுவதையோ வழுக்குவதையோ கட்டாயமாகச் சொல்வதில்லை. சாய்வு நாற்காலி, சாய்மானம் ஆகிய சொற்களில் ஆதரவும் ஓய்வும் தொனிக்கின்றன. சாய்தளம் என்பது சாய்ந்த தளம், சாய்கின்ற தளம், சாயும் தளம் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘சாய்த்தளம்’ என்று எழுதுவது பிழை. ‘சாய்வு’ என்ற பெயரோடு சேர்த்தால் ‘சாய்வுத்தளம்’ என்று ஒற்று மிகும். தேர்தல் காலத்தில் வாக்குச்சாவடி பற்றிய அறிவிப்புகளில் ‘சாய்வுதள வசதி’ என்று ஒற்றில்லாமல் வருவதைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டும் சரியான சொற்களே. சுருக்கம் கருதி நான் சாய்தளத்தைத் தேர்கிறேன்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கட்டட வேலையில் ‘தளம்’ என்றால் கூரைக்குக் கான்கிரீட் போடுவது; ‘நாளைக்குத் தளம் போடுகிறோம்’ என்று சொன்னால் மேல்கூரையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே சாய்தளம் என்று மட்டும் சொன்னால் சாய்வான கூரை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘வாசல் சாய்தளம்’ அல்லது ‘சக்கர நாற்காலிச் சாய்தளம்’ என்று முன்னொட்டுச் சேர்த்துவிட்டால் இந்த மயக்கம் நீங்கிவிடும். கொத்தனார்களிடம் சாய்வைக் குறிக்க மிக நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: வாட்டம். குளியலறையில் நீர் தேங்காமல் ஓடவும் மொட்டைமாடியில் மழைநீர் குழாயை நோக்கி வடியவும் ‘வாட்டம் கொடுப்பது’ அன்றாட வேலை. ஆயினும் அந்தச் சொல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சாய்வுக்கே பழகிப்போயிருக்கிறது. எனவே சாய்தளத்தின் நீளவாக்கில் உள்ள ஏற்றத்தைச் சாய்வு என்றும், மழைநீர் ஓரமாக வடிவதற்காக அகலவாக்கில் கொடுக்கும் சிறு சரிமானத்தை வாட்டம் என்றும் பிரித்து வழங்கலாம். இந்தப் பக்க வாட்டம் 48-க்கு 1 என்ற அளவை, அதாவது 48 அங்குல அகலத்துக்கு 1 அங்குலத்தை, மிஞ்சக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் எளிதில் சென்றுவருவதற்காக அமெரிக்கா வகுத்த 2010-ஆம் ஆண்டு அணுகல் தரநிலை சொல்கிறது. மிஞ்சினால் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

பள்ளி அறிவியலில் நெம்புகோல், கப்பி ஆகியவற்றோடு எளிய இயந்திரங்களில் ஒன்றாகச் சாய்தளத்தைப் படித்திருக்கிறோம். கணக்குப் பாடத்தில் நேர்க்கோட்டின் ஏற்ற விகிதத்தைத் தமிழ்நாட்டில் சாய்வு என்கிறார்கள், இலங்கையில் படித்திறன் என்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குக் கல்லை ஏற்றச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து நெடுந்தொலைவுக்குச் சாய்வாக மண்சாரம் அமைத்தார்கள் என்ற செவிவழிச் செய்தியும் இந்தப் பொறியின் வலிமையைத்தான் சொல்கிறது: உயரம் மாறாது, ஆனால் நீளத்தைக் கூட்டினால் தேவைப்படும் விசை குறையும். நாற்காலியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். நீளத்துக்கு நான்கில் ஒரு பங்கு உயரும் சரிவில் ஏற ஏறத்தாழ 22 கிலோ எடையைத் தூக்கும் விசை வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு உயரும் சாய்தளத்தில் அது ஏழரைக் கிலோவாகக் குறைந்துவிடும். முதலாவதை வலிமையான இளைஞர் ஒருவர் பின்னாலிருந்து தள்ளினாலும் மூச்சு வாங்கும். இரண்டாவதில் கைகளில் ஓரளவு வலிமை உள்ளவர் யார் துணையும் இல்லாமல் தன் வீட்டுக்குள் நுழையலாம்.

அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற அளவு உலகெங்கும் விதிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான திட்டத்தை நடத்திவந்த திமோதி நியூஜென்ட்டின் ஆய்வுப் பணிகளை அடிப்படையாகக் கொண்டு 1961-இல் வெளியான ஏ117.1 என்ற தரநிலை, சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது என்று வகுத்தது. கோணத்தில் சொன்னால் இது 5 பாகைக்கும் சற்றுக் குறைவு. இந்தியச் சட்டத்தில் 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பொதுக் கட்டடங்களிலும் மருத்துவமனைகளிலும் சாய்தளம் அமைப்பதைப் பற்றிப் பேசியது. அதற்குப் பின் வந்த 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ தரக் கூடாது என்று 44-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால் அந்த விதிகள் பரிந்துரைகளாகவே எழுதப்பட்டிருந்தன. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, கட்டாயமாகப் பின்பற்றத்தக்க விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மத்திய அரசின் மாதிரிக் கட்டட உபவிதிகள் தரும் அளவுகள் தெளிவானவை: சாய்வு 12-க்கு 1-ஐ மிஞ்சக் கூடாது, ஒரே வீச்சில் நீளம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, இரு பக்கமும் 800, 900 மில்லிமீட்டர் உயரங்களில் இரட்டைக் கைப்பிடி வேண்டும், அது சாய்தளத்தின் மேலும் கீழும் 300 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும், சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரல்கள் நுழைய 50 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். 9 மீட்டரில் ஏறும் உயரம் 750 மில்லிமீட்டர். அமெரிக்கத் தரநிலை ஒரு வீச்சுக்கு அனுமதிக்கும் 30 அங்குலமும் ஏறத்தாழ இதே அளவுதான்.

இவை பொதுக் கட்டடங்களை முன்னிட்டு எழுந்தவை. தனி வீட்டுக்காரரைச் சாய்தளம் கட்டச்சொல்லி நம் ஊரில் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அமெரிக்காவிலும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் தரநிலை தனியார் குடியிருப்பு வீடுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே பல இடங்களில் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் முதன்மை வெளியேறும் வாசலுக்கு 12-க்கு 1 என்றும், பிற சாய்தளங்களுக்கு 8-க்கு 1 வரை என்றும் இடம் தருகிறது. கட்டாயம் இல்லை என்பதற்காகப் பொதுக் கட்டட அளவை வீட்டில் கைவிட வேண்டாம் என்றே நான் வற்புறுத்துவேன். வீட்டில் துணைக்கு ஆள் இல்லாத நேரம் நிச்சயம் வரும். அப்போது அவருடைய கைகளுக்கு இருக்கும் வலிமையே கணக்கில் வரும்.

இந்த அளவை அடி, அங்குலத்தில் சொன்னால் நம் கொத்தனார்களுக்கு உடனே பிடிபடும், ஏனென்றால் ஓர் அடிக்கு 12 அங்குலம்: ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். சாலைகள் மேலே மேலே போடப்பட்டு உயர்வதால் நகரங்களில் புது வீடுகளின் அடித்தளத்தை இரண்டடி, மூன்றடி தூக்கிக் கட்டுகிறார்கள். ஆறு அங்குலப் படிகள் நான்கு உள்ள வாசல் இரண்டடி உயரம். அதாவது 24 அங்குலம். ஆகவே 24 அடி நீளச் சாய்தளம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஐந்தடி மட்டுமே இருக்கும் மனையில் இது நேராக அடங்காது. வீட்டின் பக்கவாட்டுச் சந்தோடு ஒட்டிக் கொண்டுபோகலாம். அல்லது அகலமான முற்றமிருந்தால் 12 அடியில் ஒரு வீச்சு, திரும்புவதற்கு ஐந்தடிக்குக் குறையாத சமதரை, மீண்டும் 12 அடி என்று மடித்துக் கட்டலாம். அந்தச் சமதரையை இடைமேடை என்று சொல்லலாம். அதை ரசமட்டம் வைத்துப் பார்த்தே முடிக்க வேண்டும். மேல்முனையில் கதவுக்கு முன்னாலும் இப்படியொரு மேடை இல்லையென்றால், சாய்வில் நின்றபடி ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பூட்டைத் திறக்க வேண்டியிருக்கும். வீட்டு நிலையின் கீழ்க்கட்டை தடித்திருந்தால் அதன் விளிம்பையும் சீவிச் சமப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை நீளம் ஏறி வந்தவர் வாசற்படியில் மாட்டிக்கொள்வார்.

மேற்பரப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டிச் சரிவுக்குக் கொத்தனார் ஈரச் சிமென்ட்டில் கயிறு வைத்து ஆழமான வரிகள் போடுவார்; அந்த வரிகளில் சிறு சக்கரம் தடதடத்து நாற்காலியில் இருப்பவரின் முதுகுத்தண்டு வரை அதிரும். மழமழப்பான டைல்ஸோ மழையில் கண்ணாடியாகிவிடும். துடைப்பத்தால் குறுக்கே இழுத்த மெல்லிய சொரசொரப்பே போதுமானது. திறந்த ஓரங்களில் சக்கரம் வெளியே போகாமல் நான்கு அங்குல உயரத்துக்கு ஓரக்கட்டு எழுப்ப வேண்டும்.

வரைபடத்திலும் ஒப்பந்தத் தாளிலும் ‘ராம்ப்’ என்று ஒற்றைச் சொல்லாக விடாமல் இப்படி எழுதித் தரலாம்: ‘வாசல் சாய்தளம், சக்கர நாற்காலிக்கு. உயரம் 2 அடி, நீளம் 24 அடி, கைப்பிடிகளுக்கு நடுவே அகலம் 4 அடி, நடுவில் இடைமேடை 5 அடி, கதவுமுன் மேடை 5 அடிக்கு 5 அடி, இருபுறமும் இரட்டைக் கைப்பிடி, ஓரக்கட்டு 4 அங்குலம், துடைப்பச் சொரசொரப்பு.’ வேலை முடிந்ததும் கூலியைக் கணக்குத் தீர்ப்பதற்கு முன், யாருக்காகக் கட்டப்பட்டதோ அவரே ஒருமுறை கீழிருந்து ஏறி, கதவைத் திறந்து உள்ளே போய், திரும்ப இறங்கிப் பார்க்கட்டும்.