முதலில் மரையைப் பாருங்கள், அப்புறம் குண்டை

கருமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, நீளமான கம்பியால் அடிவரை கெட்டித்துச் சுடுகிற பழைய ரைபிளுக்கு எந்தக் குண்டு பொருந்தும்? இந்தக் கேள்வி வந்தால் பலரும் எடையிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். எடை முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, குழலின் உள்சுவரில் திருகுபோல் சுற்றிச் செல்லும்படி வெட்டியிருக்கும் பள்ளங்கள், அதாவது மரை. அது எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி.

மரை இல்லாத வழுவழுப்பான குழலில் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். அந்தக் காலத்து பிரிட்டிஷ் படையின் மரையில்லாத துப்பாக்கியான மஸ்கட்டின் உள்விட்டம் முக்கால் அங்குலம்; குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். இடைவெளி இருப்பதால் குண்டு சுவரில் மோதி உருண்டு, கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ற சுழற்சியோடு வெளியே வரும். அந்தச் சுழற்சி காற்றில் அதன் பாதையை வளைத்துவிடும். இதை நிரூபிக்க ராபின்ஸ் ஒரு குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்துச் சுட்டார். இடப்பக்கம் கிளம்பிய குண்டு, போகப்போக வலப்பக்கம் திரும்பியது! வளைந்த முனையில் வலப்பக்கச் சுவரை உரசி உருண்டதுதான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் இது ஒன்று. இதே ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க நம் பக்கம் வந்து, 1751-ல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

ஆக, குண்டு எப்படியும் சுழலத்தான் போகிறது. அது நாம் சொல்கிற அச்சில், போகிற திசையைச் சுற்றிச் சுழல வேண்டும். மரை செய்கிற வேலை அதுதான்.

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய நீள ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதற்கு உருண்டைக் குண்டு. உருண்டைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அதனால் காற்றில் குப்புறக் கவிழ்வது என்ற பேச்சே இல்லை. வார்ப்பில் உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்று ஒரு பக்கம் லேசாகிவிட்டால், அந்தக் குறையைச் சுற்றிச் சுற்றிச் சமன்செய்யும் அளவுக்கு மெதுவான சுழற்சி போதும். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மரைகள் இதற்கானவை.

குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியதாகவே இருக்கும். அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு. தூய ஈயத்தில் அதன் எடை சுமார் 11.5 கிராம். மீதி இடத்தை அடைப்பது கொழுப்போ எண்ணெயோ தடவிய பருத்தித் துணித் துண்டு. மரையின் பள்ளத்தில் இறங்குவது அந்தத் துணிதான். மரையின் திருப்பத்தைக் குண்டுக்குக் கொடுப்பதும், பின்னாலிருந்து வரும் வாயுவை மறிப்பதும் அதுவே. குழலை விட்டதும் அவிழ்ந்து சில அடி தூரத்தில் விழுந்துவிடும்.

அனுபவமுள்ளவர்கள் அதைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் கரி படிந்து, ஓரம் லேசாகப் பிய்ந்திருந்தால் எல்லாம் சரி. நடுவே கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு கசிகிறது. இன்னும் தடித்த துணி வேண்டும், அல்லது எண்ணெய்ப் பிசுக்கு போதவில்லை. கத்தியால் கீறியதுபோல் கோடு கோடாகக் கிழிந்திருந்தால், மரையின் விளிம்போ குழலின் வாயோ கூராக இருக்கிறது. குண்டை மாற்றுவதற்கு முன் துணியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

உருண்டைக்கு ஒரு வரம்பு உண்டு. எடையைக் கூட்ட வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் 0.44 அங்குலக் குண்டுகள் 54 வார்க்கலாம், 0.60 அங்குலம் என்றால் 21 மட்டுமே. காட்டுக்குள் மாதக்கணக்கில் ஈயத்தைச் சுமந்து திரிந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. தவிர, உருண்டை காற்றில் சீக்கிரம் வேகத்தை இழந்துவிடும்.

அதே விட்டத்தில் குண்டை நீட்டினால் எடையும் கூடும், வேகமும் தாங்கும். ஆனால் நீளமான குண்டைக் காற்று கவிழ்க்கப் பார்க்கும். பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை சாயாமல் நிற்பதைப் போலத்தான், இதற்கும் வேகமான சுழற்சி வேண்டும். 1879-ல் பிரிட்டிஷ் கணித அறிஞர் ஆல்ஃபிரட் கிரீன்ஹில் இதற்கு ஓர் எளிய கணக்குத் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று வேண்டும் என்று கிடைக்கும். 0.451 அங்குல விட்டமும் 1.35 அங்குல நீளமும் உள்ள குண்டுக்குச் சுமார் 22.6 வருகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1850-களில் உருவாக்கிய அறுகோணக் குழல் ரைபிளில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தக் கணக்கு வருவதற்கு முன்பே, பரிசோதித்துப் பார்த்தே அவர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது மினியே குண்டு. பிரெஞ்சு அதிகாரி க்ளோட் எத்தியென் மினியே 1849-ல் கொடுத்த வடிவத்தை, அமெரிக்காவில் ஜேம்ஸ் பர்ட்டன் எளிமையாக்கினார். அடிப்பக்கம் குழிவான ஈயக் குண்டு அது. குழலைவிடச் சிறியது, துணி வேண்டாம், எளிதாக உள்ளே இறங்கிவிடும். சுட்டதும் வாயு அந்தக் குழிக்குள் புகுந்து ஓரத்தை விரிக்க, அது மரையைக் கவ்விக்கொள்ளும். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாக மிஞ்சும். அந்தக் கசடு படிந்த குழலிலும் வேகமாகக் கெட்டிக்க முடிந்ததால்தான் படைகள் மினியேயை விரும்பின. 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று மட்டுமே உள்ள பிரிட்டிஷ் படையின் 1853 என்ஃபீல்டு ரைபிளில் இந்த வகைக் குண்டு நேராகப் போனதற்கு, அடி குழிவாகி எடை முன்பக்கம் ஒதுங்கியதும் உதவியது. கசடை இளக்கவே அதன் தோட்டாக்களில் கொழுப்புத் தடவினார்கள். அந்தக் கொழுப்பு 1857-ல் வட இந்தியாவில் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை.

மினியே குண்டை மென்மையான தூய ஈயத்தில்தான் வார்க்க வேண்டும். வெள்ளீயமோ ஆன்டிமனியோ கலந்து கெட்டியாகிவிட்டால் ஓரம் விரியாது, மரையும் பிடிக்காது. பழைய பேட்டரித் தகட்டை உருக்கி வார்ப்பது இதற்கு உதவவே உதவாது, விஷப்புகை வேறு.

சரி, கையில் இருக்கும் ரைபிளுக்கு எது? மரை மெதுவாக, பள்ளம் ஆழமாக இருந்தால் துணி சுற்றிய உருண்டை. மரை வேகமாக, பள்ளம் மேலோட்டமாக இருந்தால் நீளக் குண்டு. அங்கே உருண்டையை நிறைய மருந்து போட்டுச் சுட்டால், துணி பிடி விட்டு மரையைத் தாண்டி வழுக்கிவிடும். பழையதைப் பார்த்து இன்று செய்யப்படும் பல ரைபிள்களில் 48 அங்குல மரை இருக்கிறது. அதில் உருண்டை, நீளக் குண்டு இரண்டும் ஓரளவு ஓடும் என்பது உண்மை. ஆனால் ஐம்பது, நூறு கஜத்தில் இலக்கைச் சுடுபவருக்கு நான் உருண்டையைத்தான் சொல்வேன். ஈயம் குறைவு, தோளில் உதை குறைவு, குறையைக் காட்டிக்கொடுக்கத் துணியும் இருக்கிறது.

நீளக் குண்டு போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணியின் இறுக்கம் இல்லாததால், குழலைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் திரிந்தால் குண்டு மருந்தை விட்டு முன்னே நகர்ந்துவிடலாம். நடுவில் காற்று இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் உப்பலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் வழக்கமான அளவு மருந்தும் குண்டும் அடிவரை கெட்டித்த நிலையில், கம்பியில் குழல் வாய்க்கு நேராக ஒரு கோடு போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் அந்தக் கோடு வாயோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கம்பியை வெளியே எடுப்பார்கள்.