வெர்பை மட்டும் படிச்சா பத்தாது, பின்னாடி நிக்கிற குட்டி வார்த்தையையும் பாருங்க

ஃபயர் அலாரம் அடிச்சா வெளிய ஓடணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா யாராவது "த ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்"னு சொன்னா நம்மள்ல நிறைய பேருக்கு சட்டுனு தோணுறது "சரி, அலாரம் நின்னுடுச்சு போல"ங்கறதுதான். ஏன்னா ஆஃப்னாலே நமக்கு ஸ்விட்ச் ஞாபகம்தான் வரும். உண்மையான அர்த்தம் அலாரம் அடிச்சிடுச்சுங்கறது, அப்படியே தலைகீழ். இதே "வென்ட் ஆஃப்" லைட்டுக்கு வந்தா அணைஞ்சு போச்சு, பாலுக்கு வந்தா கெட்டுப் போச்சு, குண்டுக்கு வந்தா வெடிச்சிடுச்சு.

வேலைக்குப் போறவங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறதுதான் என் தொழில். வர்றவங்க யாரும் இங்கிலீஷ் தெரியாதவங்க இல்ல, "போஸ்ட்போன்", "டாலரேட்", "இன்வெஸ்டிகேட்"னு பெரிய பெரிய வார்த்தையெல்லாம் சரளமா வரும். ஆனா போன்ல எதிர்ப்பக்கம் இருக்கிறவர் அந்த வார்த்தைகளைப் பேச மாட்டாரு, அவரு "புட் ஆஃப்", "புட் அப் வித்", "லுக் இன்டு"னு பேசுவாரு, எல்லாமே சின்னப் பிள்ளைக்குக்கூட தெரிஞ்ச வார்த்தை, சேர்ந்து வரும்போதுதான் புரியாது. மீட்டிங்கை "புட் ஆஃப்" பண்ணிட்டாங்கன்னா தள்ளி வச்சிருக்காங்க, "கால் ஆஃப்" பண்ணிட்டாங்கன்னா மீட்டிங்கே கிடையாது. இது தெரியாம, ரத்தான மீட்டிங்குக்கு உக்காந்து ஸ்லைடு ரெடி பண்றவங்களைப் பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

இன்னொண்ணு கஸ்டமர் கால்ல அடிக்கடி நடக்கும். கஸ்டமர் ஒரு பிரச்சனையைச் சொல்றாரு, நம்ம ஆளு "ஐ வில் லுக் ஆஃப்டர் இட்"னு சொல்றாரு. அவர் மனசுல நினைச்சது "என்னன்னு பாக்கறேன்"ங்கறது, அதுக்கு "லுக் இன்டு இட்"னு சொல்லியிருக்கணும். கஸ்டமர் காதுல விழுந்தது "நானே பொறுப்பு எடுத்து முடிச்சுத் தர்றேன்"னு. ரெண்டு நாள் கழிச்சு அவர் கோவமா கூப்பிட்டா அதுல தப்பு சொல்ல முடியாது, வாக்கு கொடுத்தது நாமதான்.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும்னு நினைச்சு யாரும் கூச்சப்பட வேண்டாம். சாமுவேல் ஜான்சன் 1755ல தன் இங்கிலீஷ் அகராதிக்கு எழுதின முன்னுரையிலயே, வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல ரொம்பக் கஷ்டமான இடம் இந்த மாதிரி வெர்ப் பின்னாடி குட்டி வார்த்தை ஒட்டிக்கிட்டு அர்த்தம் மாறுறதுதான்னு சொல்லியிருக்காரு. இதுக்கு ஃப்ரேசல் வெர்ப்ங்கற பேரு 1925ல லோகன் பியர்சால் ஸ்மித்ங்கற எழுத்தாளர் எழுதினதுக்கு அப்புறம்தான் பரவலாச்சு. பேரு புதுசு, தலைவலி பழசு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வெர்ப் பின்னாடி நிக்கிற அந்தக் குட்டி வார்த்தை சில இடத்துல அட்வெர்ப், சில இடத்துல ப்ரெப்போசிஷன். பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். அட்வெர்ப்னா அது வெர்போட சொந்தம், ரெண்டும் சேர்ந்து ஒரு அர்த்தம் கொடுக்கும். ப்ரெப்போசிஷன்னா அது பின்னாடி வர்ற பெயர்ச்சொல்லோட சொந்தம். "வி டர்ன்டு ஆஃப் த டிவி", "வி டர்ன்டு ஆஃப் த ஹைவே", இந்த ரெண்டையும் சத்தமா சொல்லிப் பாருங்க. முதல்ல டிவியை அணைச்சோம், ரெண்டாவதுல ஹைவேயை விட்டுத் திரும்பினோம். இப்ப பெயர்ச்சொல்லை எடுத்துட்டு "இட்" போடுங்க. டிவின்னா "டர்ன்டு இட் ஆஃப்", இட் நடுவுல வரணும். ஹைவேன்னா "டர்ன்டு ஆஃப் இட்", கடைசியிலதான் வரும். முதல் வாக்கியத்துல ஆஃப் அட்வெர்ப், அடுத்ததுல ப்ரெப்போசிஷன். இலக்கணப் புத்தகத்துல இதுக்குப் பக்கம் பக்கமா இருக்கு, ஆனா தினசரிப் பேச்சுக்கு இந்த ஒரு சோதனை போதும்னு அடிச்சு சொல்வேன்.

நான் தினமும் கேக்கற தப்பும் இங்கதான் நடக்குது. "ஐ வில் பிக் அப் யூ", "ஃபில் அப் இட்", "கால் பேக் மீ". அப், பேக் ரெண்டுமே இங்க அட்வெர்ப், அதனால யூ, இட், மீ மாதிரி குட்டி ஆளுங்க நடுவுல உக்காரணும்: "பிக் யூ அப்", "ஃபில் இட் அப்", "கால் மீ பேக்". பெயர்ச்சொல்லா இருந்தா எங்க வேணா வைக்கலாம், "டர்ன் ஆஃப் த லைட்", "டர்ன் த லைட் ஆஃப்" ரெண்டும் சரி, ஆனா பெயர்ச்சொல் நீளமாப் போச்சுன்னா கடைசியில வைக்கிறதுதான் காதுக்கு நல்லா இருக்கும். "லுக் ஆஃப்டர்" மாதிரி ப்ரெப்போசிஷன் ஜோடியில இந்த வேலையெல்லாம் நடக்காது, "லுக் ஆஃப்டர் ஹெர்"தான், "லுக் ஹெர் ஆஃப்டர்" கிடையவே கிடையாது.

காதுலயும் ஒரு அடையாளம் இருக்கு. "டர்ன் இட் ஆஃப்"னு சொல்லும்போது அழுத்தம் ஆஃப் மேல விழும். "லுக் அட் இட்"ல அழுத்தம் லுக் மேல, அட் வந்ததே தெரியாம போயிடும். அட்வெர்ப்னா கொஞ்சம் கனமா விழும், அட், டு, ஃபார் மாதிரி சின்ன ப்ரெப்போசிஷன் முழுங்கின மாதிரி வரும், பெரும்பாலும் அப்படித்தான். நம்ம ஆளுங்க எல்லா வார்த்தையையும் ஒரே பலத்துல சொல்றதாலதான் இலக்கணம் சரியா இருந்தும் எதிர்ல இருக்கிறவர் மறுபடி சொல்லச் சொல்றாரு.

வேகமா, மெதுவா, கவனமாங்கற மாதிரி அட்வெர்பும் இதுல வந்து சேரும், அதுக்கும் இடம் இருக்கு. ப்ரெப்போசிஷன் ஜோடிக்கு நடுவுல அது நுழையலாம், "லுக் கேர்ஃபுல்லி அட் த பில்" தாராளமா சொல்லலாம். அட்வெர்ப் ஜோடிக்கு நடுவுல நுழையக் கூடாது, "டர்ன் க்விக்லி ஆஃப் த லைட்" தப்பு, "க்விக்லி டர்ன் ஆஃப் த லைட்"னு முன்னாடி போடணும். ரைட், ஸ்ட்ரெய்ட் மாதிரி சிலதுக்கு மட்டும் சலுகை உண்டு, "டர்ன் இட் ரைட் டவுன்"னா சத்தத்தை நல்லாக் குறைச்சிடுன்னு அர்த்தம்.

அடுத்தது வெர்ப், அட்வெர்ப், ப்ரெப்போசிஷன் மூணும் ஒரே வரிசையில வர்றது. "ரன் அவுட் ஆவ்" தீர்ந்து போறது, "புட் அப் வித்" பொறுத்துக்கறது, "கெட் அவே வித்" தப்பு பண்ணிட்டு தப்பிச்சுக்கறது. இதுல மெயில் எழுதுறவங்க கண்டிப்பா பாக்க வேண்டியது "லுக் ஃபார்வர்டு டு". கடைசியில இருக்கிற டு இங்க ப்ரெப்போசிஷன், அதனால "லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ" தப்பு, "டு மீட்டிங் யூ"தான் சரி. சந்தேகம் வந்தா "லுக்கிங் ஃபார்வர்டு டு இட்"னு சொல்லிப் பாருங்க, பொருந்துதுல்ல, அப்ப அந்த இடத்துல ஒரு பெயர்ச்சொல்தான் உக்காரும், வெர்ப் வந்தா ஐஎன்ஜி போட்டுக்கிட்டுதான் வரணும்.

தமிழ் பேசுறவங்களுக்கு இது முழுக்க அந்நியமான விஷயம்னும் நான் நினைக்கல. "சாப்பிடு"க்கும் "சாப்பிட்டுடு"க்கும் உள்ள வித்தியாசம் நமக்கு யாரும் சொல்லித் தரல, விடு வந்து ஒட்டினதும் மிச்சம் வைக்காம முடிங்கற அர்த்தம் வந்துடுது. "ஈட் அப்", "டிரிங்க் அப்", "யூஸ் அப்" எல்லாத்துலயும் அப் பண்றது கிட்டத்தட்ட அதே வேலைதான். எல்லா இடத்துலயும் இது ஓடாது, "ஷோ அப்"னா வந்து சேர்றது, அங்க முடிக்கிற கதை இல்ல. ஆனா ஒரு கைப்பிடி கிடைக்குது, அது போதும் ஆரம்பிக்க.

குட்டி வார்த்தை தேவையே இல்லாத இடத்துல ஒட்டுறதும் உண்டு. "டிஸ்கஸ் அபௌட்" வேண்டாம், "டிஸ்கஸ்" போதும். "ரிட்டர்ன் பேக்" வேண்டாம், ரிட்டர்ன்லயே திரும்பறது இருக்கு.

நோட்டுல எழுதி வைக்கும்போது "டர்ன் ஆஃப் = அணை"னு எழுதாதீங்க, "டர்ன் சம்திங் ஆஃப்"னு எழுதுங்க, "லுக் ஆஃப்டர் சம்படி"னு எழுதுங்க. மாணவர்களுக்குன்னு போடற அகராதிகள்லயும் இப்படித்தான் போட்டிருப்பாங்க, அந்த சம்திங் எங்க உக்காந்திருக்குன்னு பாத்தாலே அட்வெர்பா ப்ரெப்போசிஷனாங்கறது பாதி தெரிஞ்சிடும்.

கடைசியா, வெளிநாட்டு கம்பெனிக்கு அப்ளை பண்றவங்க ரெஸ்யூமேயை ஒருதடவை திறந்து பாருங்க. "ஐ பாஸ்டு அவுட் இன் 2019"னு இருந்தா இன்னிக்கே "கிராஜுவேட்டட்"னு மாத்திடுங்க, ஏன்னா அங்க உங்க ரெஸ்யூமேயைப் படிக்கிற பல பேருக்கு அது 2019ல மயங்கி விழுந்தேன்னுதான் கேக்கும்.